கடைசி வரிசையில் இடிக்கவில்லை

"இடிக்குதா அண்ணே?"

அளவெடுக்கும் பெண் டேப்பை நீட்டிப் பிடித்தபடி கதவோரம் குனிந்து கேட்டாள். வண்டியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மடக்கு தன் முழங்கால்களைப் பார்த்தான். இரண்டும் நடு சீட்டின் முதுகில் போய் அழுத்திக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணாலேயே பேசினார்.

"இல்லம்மா," என்றான் மடக்கு.

"கொஞ்சம்கூட இல்லியா?"

"சோபாவுல உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா."

அவன் வீட்டில் சோபா கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் தாளில் 'இடிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு முன்பக்கம் போனாள். "டிரைவர் அண்ணே, உங்களுக்கு?" டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் அப்படித்தான். வண்டியை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. பேசுவது யார் வேலையோ, அவருடையது இல்லை. அவர் கடைசியாகப் பேசியது எப்போது என்று ஷெட்டில் பந்தயமே கட்டுவார்கள்.

மடக்கை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் கையைப் பிடித்தார், இன்னொருவர் அக்குளில் கை கொடுத்தார். கீழே இறங்கியவன் கொஞ்ச நேரம் கேள்விக்குறி மாதிரி நின்றான்.

"சபாஷ்," என்றார் சூப்பர்வைசர் காதோடு. "இதே மாதிரி கடைசி வரைக்கும் இரு."

அவனுடைய சொந்தப் பெயர் கேட் கார்டில் மட்டும்தான் இருந்தது. வண்டிக்கு அடியிலோ, இன்ஜின் சந்திலோ, வேறு யாரும் நுழைய முடியாத இடத்தில் உடம்பை மடக்கிக்கொண்டு போய் போல்ட்டு முடுக்கிவிட்டு வருவான். அதனால் மடக்கு. மாதிரி வண்டியின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்க்க நடுத்தர உடம்புள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஆபீஸ் கேட்டபோது, சூப்பர்வைசர் யோசிக்கவே இல்லை. இவன் உடம்பு நடுத்தரம்தான். எந்தப் பொந்திலும் போய்விடுவான். போனபின் வாயைத் திறக்கமாட்டான்.

வண்டி பதினோரு நாடுகளுக்குப் போகவேண்டிய வண்டி. ஷெட்டுச் சுவரில் பெரிய வரைபடம் ஒட்டி, பதினோரு இடத்தில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தார்கள். முதல் நாள் இன்ஜினியர் எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினார். "இந்த நாடுகள்ல ஜனங்க இப்பத்தான் கார் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. பெரிய வண்டி கட்டுப்படியாகாது. சின்ன வண்டியில குடும்பம் அடங்காது. நாம செய்யறது நடுத்தர வண்டி. குழியில இறங்கி ஏறணும், ஏழு பேர் உட்காரணும். கடைசி வரிசைதான் இந்த வண்டியோட உயிர்."

உயிர் என்று அவர் சொன்னது வண்டிக்கு. மடக்குக்கும் அதுதான் உயிர். கடைசி வரிசை பொருத்தத் தனியாக ஒரு லைன் போடப்போகிறார்கள். இருபது ஆட்கள். ஷெட்டில் கான்ட்ராக்டில் இருக்கும் இருபது பேரையும் அந்த லைனில் நிரந்தரமாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வரிசை வேண்டாம் என்று முடிவானால் லைன் கிடையாது. ஷெட்டையும் மூடிவிடுவார்கள். ஏழு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது கேட் கார்டுக்காகக் கைகட்டி நிற்கிறவன், முழங்கால் வலிக்கிறது என்பதற்காக இருபது பேர் சோற்றில் மண்ணைப் போடுவானா?

ஒரு வாரத்தில் இன்ஜினியர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"ஒரு நாட்டுல நீளத்தைப் பார்த்து வரி போடறாங்க. நாற்பது மில்லி குறைச்சா நாம தப்பிச்சோம். எங்க குறைக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நல்லவேளை, கடைசி வரிசையில யாரும் குறை சொல்லலை. அங்கேயே எடுத்தாச்சு."

மடக்கு மறுபடி உள்ளே ஏறினான். இந்த முறை கால் நேராகப் போகவே இல்லை. யோசித்து, உடம்பைக் குறுக்காகத் திருப்பி, முழங்கால் இரண்டையும் ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டான்.

"இடிக்குதா அண்ணே?"

"இப்படி உட்கார்ந்தா இடிக்கலைம்மா."

அவள் எழுதிய தாளை எட்டிப் பார்த்தான். நாலெழுத்து படித்ததே வேலைக்கு வந்த பிறகுதான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். 'தாராளமாக ஒருபக்கம் சாய்ந்து உட்காருகிறார்' என்று இருந்தது. அந்தத் தாளை யாரோ மேலே படித்தார்கள். மறு வாரம், சாய்ந்து உட்காரும் அளவுக்கு அங்கே அகலம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, வெயில் அதிகமான ஒரு நாட்டுக்காக ஏ.சி. குழாய் ஒன்றை அந்தப் பக்கச் சுவரோடு கொண்டுபோனார்கள். சாய்வதற்கு இருந்த இடமும் போயிற்று.

வீட்டுக்கு வந்து படிக்கட்டில் பக்கவாட்டாக ஏறினான். மனைவி மேலேயிருந்து பார்த்தாள்.

"என்னங்க இது, நண்டு மாதிரி?"

சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இடிச்சா இடிக்குதுன்னு சொல்லவேண்டியதுதானே? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்காங்க?" என்றாள்.

"சொன்னா வரிசையே போயிடும்டி."

"முழுசா சொல்லாதீங்க. கொஞ்சமா சொல்லுங்க. லேசா தொடுது, ஆனா பரவாயில்லைன்னு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த முறை அப்படியே சொன்னான். "லேசா தொடுதும்மா. ஆனா பரவாயில்ல."

இன்ஜினியரே ஓடிவந்துவிட்டார். "எங்க தொடுது? சரியா காட்டுங்க." மடக்கு காட்டினான். சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டார். "கவலையை விடுங்க. அடுத்த வாரம் உங்களுக்கு வலியே இருக்காது."

அடுத்த வாரம் அந்த இரண்டு வட்டத்திலும் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். நல்ல கெட்டி மெத்தை. இருபது மில்லி. முழங்காலுக்கு முன்னால் இருந்த இடத்திலிருந்து இருபது மில்லி.

"இப்ப எப்படி அண்ணே?"

"மெத்துனு இருக்கும்மா," என்றான் மடக்கு. அது பொய் இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "என் யோசனையா இது? நான் வாயைத் திறக்கச் சொன்னேன். நீங்க பாதி திறந்தீங்க. பாதி வாய்க்குள்ள பஞ்சை வெச்சு அடைச்சிட்டாங்க."

அதன்பிறகு வேகம் பிடித்தது. ரோடு மோசமான நாட்டுக்கு முழு அளவு ஸ்டெப்னி வேண்டும் என்றார்கள். அது கடைசி சீட்டுக்கு அடியில் போயிற்று. தரை ஒரு விரற்கடை ஏறியது. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. ஆட்கள் நெட்டையாக இருக்கும் நாடு ஒன்று உண்டாம். அதற்காக முன் சீட்டைப் பின்னால் தள்ளினார்கள். முன் சீட்டு தள்ள நடு சீட்டும் தள்ளியது. மாதிரி வண்டி என்பதால் சீட்டெல்லாம் போல்ட்டு போட்டு இறுக்கியவை. வைத்த இடத்தில் வைத்ததுதான், ஓட்டுகிறவர் இழுத்து நகர்த்தமுடியாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் பின்னால் வந்து கேட்டாள், முன்னால் போய்க் கேட்டாள். பின்னால் 'இல்லம்மா'. முன்னால் கட்டைவிரல். தாள் சுத்தமாக மேலே போயிற்று.

மடக்கு வீட்டில் பழக ஆரம்பித்தான். சாப்பிட்டு முடித்ததும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே முழங்காலைத் தாடையில் முட்டவைத்து உட்கார்ந்து, மூச்சை எண்ணுவான்.

"உடம்பை வண்டிக்கு ஏத்த மாதிரி மாத்தறீங்களா?" என்றாள் மனைவி. "வண்டியை உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்தறதுதான் வேலைன்னு நினைச்சேன்."

அது அவனுக்குள் எங்கேயோ தைத்தது. மறுநாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நினைத்துப் பார்த்தான். இத்தனை வயதில் அவனுக்கு சௌகரியமா என்று யாராவது கேட்டது உண்டா? வாடகை வீட்டுக் கதவு கேட்கவில்லை, குனிந்து போகிறான். வேலை கொடுத்த உடுப்பு கேட்கவில்லை, கையை மடித்துவிட்டுக்கொள்கிறான். முதல்முறையாக ஒரு பெண் கையில் டேப்போடு வந்து, எழுதிக்கொள்கிறேன் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். இவன் வாய் தானாகவே இல்லை என்கிறது. பயம் பாதிதான். மீதி பழக்கம்.

நாலாவது மாதம் பெரியவர் வந்தார். பதினோரு நாட்டுக்கும் சேர்த்து முடிவு சொல்கிறவர். வண்டியில் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே சொல்லிவிடுவார் என்று பேச்சு. காலையிலேயே சூப்பர்வைசர் மடக்கின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். இருபது பேரும் ஷெட்டு வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரே வார்த்தை," என்றார் சூப்பர்வைசர். "என்ன வார்த்தை?"

"இல்லை."

"என்ன இல்லை?"

"இடிக்கலை."

"போ, ஏறு."

பெரியவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் இன்ஜினியரும் அந்தப் பெண்ணும். கடைசியில் மடக்கு, பொட்டலம் மாதிரி. பெரிய மனிதர் பக்கத்தில் இருக்கிறார் என்ற மரியாதையோ என்னவோ, டிரைவர் சீட்டில் சாயாமல் நுனியில் உட்கார்ந்து ஓட்டினார். குழி, மேடு, மணல், தண்ணீர் எல்லாம் போட்டு வைத்த சோதனைப் பாதையில் ஒரு சுற்று. ஒவ்வொரு குழியிலும் மடக்கின் முழங்கால் அவன் தாடையைக் கேட்காமலே மூடியது. திரும்பி வந்த வண்டி, நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி, வரவேற்க நின்ற இருபது பேரையும் சிதறடித்துவிட்டு, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நல்ல வேகம்," என்றார் பெரியவர். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இறங்கி, நேராகப் பின்கதவுக்கு வந்து குனிந்தார். அவருக்கும் மடக்கு வயதுதான் இருக்கும்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"தாள் எல்லாம் படிச்சேன். நாலு மாசமா அதையேதான் சொல்லியிருக்கீங்க. நான் வேற கேட்கறேன். உங்க வீட்டு ஆளுங்களை இதுல உட்கார வெச்சு, ஒரு நாள் முழுக்கக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

மடக்கு வாயைத் திறந்தான். பழகிய வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு ஒரு குடும்பம் தெரிந்தது. ஏதோ ஒரு குண்டூசி நாட்டில், முதல் கார் வாங்கிய குடும்பம். வீட்டுக்காரர் ஓட்டுவார். மச்சான் பக்கத்தில் உட்காருவான். நடுவில் வசதியானவர்கள். கடைசியில் யார் போவார்கள்? சம்பாத்தியம் இல்லாத சித்தப்பா. புருஷனை விட்டு வந்த அத்தை. இடிக்குதா என்று பாதி வழியில் யாராவது திரும்பிக் கேட்டால், இல்லை, நல்லா இருக்கு என்று சொல்லுகிறவர்கள். எல்லா நாட்டிலும் அவர்களைத்தான் கடைசியில் உட்காரவைப்பார்கள்.

வாசலில் நின்ற இருபது பேரையும் ஒருமுறை பார்த்தான்.

"இடிக்குது சார்," என்றான். "முதல் நாளே இடிச்சுது."

சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். அளவெடுக்கும் பெண்ணின் கையிலிருந்து டேப் சர்ரென்று சுருண்டது.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"இல்லைன்னு சொன்னா எல்லாருக்கும் நல்லா இருக்கும் போலத் தோணுச்சு சார்."

பெரியவர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியருக்கு வியர்த்துவிட்டது. "சார், இனிமே எங்க இருந்து எடுக்கறது? நீளம் கூடினா வரி. ஸ்டெப்னியைத் தொட முடியாது. இந்த வண்டியில ஒரு மில்லிகூட மிச்சம் இல்லை சார். சத்தியமா இல்லை. முன்னாடி சீட்டுலயும் கேட்டுட்டோம், அங்கயும் அளவு கச்சிதம்னு தாள் இருக்கு."

"அப்ப வேற வழியில்லை," என்றார் பெரியவர் வருத்தத்தோடு. "மனுஷன் உட்கார முடியாத வரிசை எதுக்கு? கழட்டிடுங்க. அஞ்சு பேர் வண்டியாவே போகட்டும்."

இருபது பேரில் ஒருவன் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டான். மடக்கு இறங்கப் பார்த்தான். முடியவில்லை. கைகொடுக்கவும் இந்த முறை யாரும் வரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தான் சொன்ன ஒரே ஓர் உண்மைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் முன் கதவு திறந்தது. டிரைவர் மெதுவாக இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, தொண்டையைச் செருமினார். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"சார், என் சீட்டை ஒரு ஜாண் முன்னாடி தள்ளிக்கலாம் சார்," என்றார். "அதைப் பின்னாடி தள்ளின நாள்லேருந்து எனக்கு பிரேக்குக்குக் கால் எட்டலை."