அடடாவுக்கு ஒரு டிக்கெட்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இந்த ஒரு கடிதம் முடியும் வரையிலாவது உங்களை அப்படி அழைக்க அனுமதியுங்கள். இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாகவும், முடிந்தவரை கோபமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

பிள்ளைகளின் கல்யாணத் தேதியை முடிவு செய்ய நேற்று நான் வராமல் போனது அலட்சியத்தால் அல்ல. பஸ் நிலையத்து டிக்கெட் ஜன்னலில் நின்றபோதுதான் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்து, "அடடா!" என்றேன். உள்ளே இருந்தவர் "ஒண்ணா?" என்றார். இருப்பதே ஒரு கண்ணாடி என்ற துக்கத்தில் "ஒண்ணேதாங்க" என்றேன். கொடுத்த டிக்கெட்டைப் படிக்க முடியாமல் கண்டக்டரிடம் நீட்டினேன். "அடடாவா! வாங்க, வாங்க" என்று அவர் கைப்பிடித்து ஏற்றியதும், இந்தக் காலத்திலும் இப்படி இரக்கமுள்ள மனிதரா என்று நெகிழ்ந்து, அப்படியே தூங்கிவிட்டேன். "அடடா! அடடா!" என்ற அலறலில் விழித்து, என்னவோ விபத்து என்று குதித்து இறங்கினேன். பஸ் போய்விட்டது.

சுற்றிலும் பனிமூட்டம். அதற்குள் ஓர் ஏரி. ஓரமாக ஒரு டீக்கடை.

"இது என்ன ஊரும்மா?" என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன்.

"அடடா."

"அவ்வளவு மோசமாம்மா?"

"ஊர் பேரே அதாங்க. அடுத்த ஊர் ஐயையோ. திரும்பிப் போற பஸ் சாயங்காலந்தான்."

வேறு வழியில்லாமல் அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. படகு ஒன்று சத்தமில்லாமல் வந்து, யாரையும் இறக்காமல் திரும்பியது. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். நேற்றுத்தான் என் கண்ணில் ஒரு பிழையும் படவில்லை. உங்கள் வீட்டில் எனக்காகக் காத்திருப்பார்களே என்ற பதற்றம்கூட யாரோ ஒருவருடையதுபோல் தூரத்தில் கிடந்தது. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

"இங்க தெரிஞ்சு வந்தவங்க யாருமில்லீங்க," என்றார் அந்த அம்மாள். "நானும் தப்பா எறங்குனவதான். இருவது வருஷமாச்சு."

"அடடா!" என்றேன்.

"அதேதான்," என்றார்.

என் தவறுக்காக என் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
பெண்ணின் தகப்பன்

பி.கு.: "அப்பா, அவங்க வரச் சொன்னது அடுத்த வாரம்" என்று மகள் இப்போதுதான் சொல்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளை ரத்து செய்துவிடவும். ஒரு விண்ணப்பம்: அடுத்த வாரம் நான் உங்கள் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக, நீங்களே பஸ் நிலையம் சென்று, டிக்கெட் ஜன்னலில் எதையாவது நினைத்து லேசாக வருத்தப்படுங்களேன். நான் ஏரிக்கரையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி வைக்கிறேன்.