வலது கையைத் தூக்கவும்

பெயின்டருக்கு அன்று காலை வலது கை தோளுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்றது. வேறு நாளாக இருந்தால் முதலாளிக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பார்த்து, பத்தரை மணிக்கு, நகர மன்றத்தின் இரண்டாவது மாடியில் அவர் குடிமகனாக வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தின் நான்காவது வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'உறுதிமொழி எடுப்பவர்கள் வலது கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும்.'

"இடது கையைத் தூக்கினா ஒத்துக்க மாட்டாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வலதுன்னு போட்டிருக்கு. அவங்க என்ன, தெரியாமயா போட்டிருப்பாங்க?"

தப்பு அவருடையதுதான். ஒரு வாரமாக ஒரு பள்ளிக்கூடத்தின் சீலிங்குக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ரோலர் பிடித்த கை எப்படியும் மேலேதானே இருக்கிறது, அப்படியே உறுதிமொழியையும் மனப்பாடம் செய்துவிட்டால் இரண்டு வேலையும் முடிந்ததாயிற்று என்று கணக்குப் போட்டார். சீலிங் முடிந்த பிறகும் விடவில்லை. டீ குடிக்கும் நேரத்தில்கூட வலது கையை உயர்த்தி, இடது கையில் டம்ளரைப் பிடித்து, சுவரைப் பார்த்து உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது நாள் தோள் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கு விட்டால் அடுத்த விழாவுக்கு எட்டு மாதம் ஆகும். எட்டு மாதம் அந்த வீட்டில் அவரால் குப்பை கொட்ட முடியாது. அதற்குக் காரணம் அவர் மனைவி.

இருவரும் இந்த நாட்டுக்கு வந்தது ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். தேர்வு எழுதப் போனதும் ஒரே நாளில். அவள் முதல் தடவையே பாஸ். இவரிடம் கொடியில் என்னென்ன நிறம் இருக்கிறது என்று கேட்டார்கள். பதற்றத்தில் பெயின்ட் கம்பெனியின் ஷேட் நம்பரைச் சொல்லிவிட்டார். இரண்டு கோட் அடித்தால்தான் நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். பெயில். இரண்டாவது தடவை, சட்டம் போடுவது யார் என்று கேட்டதற்கு "என் வீட்டுக்காரி" என்றார். அதுவும் பெயில். மூன்றாவது தடவைதான் கரையேறினார்.

நடுவில் ஓடிய இரண்டு வருஷமும் அவள் வைத்ததுதான் சட்டம். "எங்க நாட்டுல ஈரத் துண்டைக் கட்டில் மேல போட மாட்டோம்" என்பாள். டிவி ரிமோட்டைக் கேட்டால், குடிமக்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்பாள். இங்கேயே பிறந்த ஒன்பது வயது மகளும் அம்மா கட்சி. தேர்தல் வந்தபோது யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று மனைவியிடம் ஆசையாகக் கேட்டார். ஓட்டு என்பது ரகசியம், வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். உறுத்தியது வேறு. அவள் உறுதிமொழி எடுத்த நாளில் அவர் கூடப் போகவில்லை. ஒரு வீட்டு மாடிப்படிக்கு அன்றே வார்னிஷ் அடித்தாக வேண்டும் என்று முதலாளி பிடித்து உட்கார வைத்துவிட்டார். கைதட்ட ஓர் ஆள் இல்லாமல் அவள் தன்னந்தனியாக நின்றிருப்பாளே என்று நினைக்கும்போதெல்லாம் அவர் அடித்த சுவரையே மறுபடி அடிப்பார். அவளுக்குச் சமமாக ஒரு நாள் நின்றுவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குக் கை தூக்க வேண்டும்.

மனைவி முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தோள் சிவந்தது, கை அசையவில்லை. பிறகு வலி மருந்தை அரை டப்பா தேய்த்தாள். அது சிவந்த தோலில் பட்டு, பெயின்டர் ஹாலைச் சுற்றி மூன்று முறை ஓடினார். அப்போதும் கை தொங்கிக்கொண்டேதான் கூட ஓடியது. கடைசியில் அவள் தன் தம்பியை வரவழைத்தாள்.

மச்சான் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பீரோ தூக்குபவர். மாமாவின் கையையும் பீரோவைப் பார்க்கிற மாதிரியே சுற்றி வந்து பார்த்தார். எந்தப் பக்கம் கனம், எங்கே பிடிமானம் என்று தட்டிப் பார்த்தார். பிறகு முழங்காலை மாமாவின் விலாவில் முட்டுக் கொடுத்து ஒரே தூக்கு. 'கடக்' என்று ஒரு சத்தம். கை நேராக மேலே போய் நின்றது.

மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். மனைவி ஓடிப்போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

"இறக்குங்க மாமா, டீ ஆறுது" என்றார் மச்சான்.

கை இறங்கவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார். மச்சான் இழுத்தார். அது சீலிங்கைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விழாவுக்குக் கை மேலேதானே வேண்டும், கீழே எதற்கு என்று கேட்டார். மனைவிக்கும் அது நியாயமாகப் பட்டது. ஏறாத கைக்கு ஏறின கை எவ்வளவோ தேவலை என்று சொல்லிப் புதுச் சட்டையை எடுத்து வந்தாள்.

சட்டை போட்டதும் தொப்புள் தெரிந்தது. தூக்கிய கை சட்டையையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதை மறைக்க மச்சானின் கோட்டை மாட்டினார்கள். கோட்டும் மேலே போனது. கூடுதலாக அக்குளில் ஒரு சாண் கிழிந்தது. நேரமாகிவிட்டதால் தொப்பையை அழைப்புக் கடிதத்தால் மறைத்துக்கொண்டு கிளம்பினார்.

மச்சானின் லாரியில்தான் போனார்கள். உள்ளே கைக்கு இடம் போதாமல், பெயின்டர் தலையையும் தோளையும் ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக்கொண்டார். முதல் தெருவிலேயே இரண்டு டாக்ஸிகள் அவருக்காக ஓரம் கட்டின. லாரி நிற்காமல் போனதும் அதில் ஒரு டாக்ஸிக்காரர் மூன்று தெரு துரத்தி வந்து திட்டினார். நடைபாதையில் போனவர்கள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவரும் மரியாதைக்கு விரல்களை ஆட்டினார். நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர், அலறலும் ஒரு தூக்கிய கையுமாக வருகிற லாரியைப் பார்த்து ஆபத்தில் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழி விட்டார். அலறியது மச்சான், மாமாவின் இடது முழங்கை அவர் காதில் இடித்துக்கொண்டே வந்தது.

அதனால் நாற்பது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாற்பது நிமிஷம்தான் வினையாகப் போனது.

நகர மன்றத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருந்தது. சும்மா நிற்பானேன் என்று மனைவி அவரை உள்ளே இழுத்துப் போனாள். மருந்துக்கடைக்கார அம்மாள் தோளை அழுத்திப் பார்த்து, தசையைத் தளர்த்த ஒரு மாத்திரை கொடுத்தாள். இப்போது பாதி, சாயங்காலம் பாதி என்றாள்.

வெளியே வந்ததும் மனைவி மாத்திரையை முழுசாகவே நீட்டினாள். "பாதி போட்டா பாதிதான் இறங்கும். அது இன்னும் அசிங்கமா இருக்கும். முழுங்குங்க."

கால் மணியில் மாத்திரை வேலையைக் காட்டியது. முதலில் முழங்கால் தளர்ந்தது. பிறகு தாடை, அதன் பிறகு நாக்கு. உடம்பில் எதையெல்லாம் தளர்த்த முடியுமோ அத்தனையும் தளர்ந்தது, அந்த ஒரு கையைத் தவிர. போதாக்குறைக்குச் சிரிப்பு வேறு பொங்கியது. வாசல் கதவைப் பார்த்தார், சிரித்தார். மாடிப்படியைப் பார்த்தார், உட்கார்ந்து சிரித்தார்.

மச்சான் லாரியை நிறுத்த இடம் தேடிப் போய்விட, மனைவிதான் அவரைத் தாங்கி மேலே கொண்டுபோனாள். வாசலில் இருந்த காவலாளி அவளைப் பார்த்ததும் "வாங்கம்மா, வாங்க" என்று எழுந்து நின்றார். குடிமக்களுக்கு என்ன மரியாதை என்று பெயின்டர் பூரித்துப்போனார். எந்தக் கதவைத் தள்ள வேண்டும், எந்தக் கதவை இழுக்க வேண்டும், எந்தக் காபி மெஷின் காசை மட்டும் விழுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாக இருந்தது. ஒரே ஒரு தடவை வந்து போனவள் இவ்வளவையும் கவனித்திருக்கிறாளே என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். மனைவி பார்வையாளர் வரிசையின் கடைசியில் போய், கைப்பையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு குமாஸ்தா அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கையில் பட்டியலோடு நின்றாள்.

பெயரில் பிழை இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பெயின்டரின் கை நின்றது. அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்து என்ன பிழை என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. முறைத்துவிட்டுப் போனாள்.

எல்லோர் சார்பிலும் மூன்று நிமிஷம் நன்றி சொல்ல யாருக்கு விருப்பம் என்றாள். அறுபது தலைகளும் சட்டென்று குனிந்தன. ஒரு கை மட்டும் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், அவர் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு அவள் குரலை உயர்த்தினாள். "இன்னைக்கு வேண்டாம், அடுத்த தடவை எடுத்துக்கறேங்கறவங்க இப்பவே கையைத் தூக்கிடுங்க. கடைசி நேரத்துல ஃபாரத்தை நீட்டிக்கிட்டு என்கிட்ட ஓடி வரக் கூடாது."

பெயின்டர் அவசரமாக நாற்காலியில் சரிந்தார். கை முன் வரிசைக்கு மேலே தெரிந்தது. இன்னும் சரிந்து தரைக்கே போய்விட்டார். ஆளைக் காணவில்லை, கை மட்டும் நாற்காலிகளுக்கு நடுவில் நட்டுவைத்தது போல நின்றது. குமாஸ்தா அம்மாள் நேராக அங்கே வந்து எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பிடிவாதமாக யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, அவர் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டாள். எழுந்து வெளியே போகலாம் என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். கெஞ்சுவதற்குத்தான் திறந்தார், வந்தது சிரிப்பு. உள்ளே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. எட்டு மாதம். இத்தனை படிப்பும் ஓட்டமும் ஒரு சிவப்புக் கோட்டில் போயிற்றே என்று நினைக்க நினைக்க, வெளியே கெக்கெக்கே என்று சிரித்தார். அவள் நன்றாகவே கோபித்துக்கொண்டு காவலாளியைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள். பத்துப் பேர் காலை மிதித்திருப்பாள். வந்த வேகத்தில் கணவரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினாள்.

"அவர் தூக்கலைங்க. அது தானா நிக்குது, இறங்காது. வேணும்னா நீங்களே தொங்கிப் பாருங்க."

குமாஸ்தா அம்மாள் எதையும் சரிபார்க்காமல் எழுதுகிறவள் இல்லை. பட்டியலை நாற்காலியில் வைத்தாள். இரண்டு கைகளாலும் பெயின்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு நிஜமாகவே தொங்கினாள். அவள் செருப்பு இரண்டும் தரையை விட்டு எழும்பின. கை இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அதிகாரி கழுத்தில் பதவிச் சங்கிலியும் மார்பில் பட்டையுமாக உள்ளே நுழைந்தார். தன் குமாஸ்தா ஒரு விண்ணப்பதாரரின் கையில் ஊஞ்சலாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். மனைவி ஒரே மூச்சில் சீலிங், ஒத்தடம், தம்பி, மாத்திரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாத்திரையைப் பாதியாக்காதது தன் குற்றம் என்றும் ஒப்புக்கொண்டாள். அதிகாரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்டு நின்னவரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் கடைசியில். "பேரைத் திரும்பச் சேருங்க."

குமாஸ்தா அம்மாள் கீழே இறங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டியலின் அடியில் அவர் பெயரை மறுபடி எழுதினாள். ஹாலே கைதட்டியது. பெயின்டருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. நல்லவேளையாக நாக்கும் கொஞ்சம் தன் வசத்துக்கு வந்திருந்தது.

"அன்னைக்கு உன் பக்கத்துல நான் இல்லாமப் போயிட்டேன்ல" என்றார் மனைவியிடம். "ரெண்டு வருஷமா மனசு கேக்கலை. என்னை மன்னிச்சிரு."

அவள் சட்டென்று அவர் கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, ஒழுங்காக நில்லுங்கள், தொப்பை தெரிகிறது என்று முணுமுணுத்தாள். கைப்பையை மறுபடி முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு பார்வையாளர் வரிசைக்கு அவசரமாகத் திரும்பினாள்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா அம்மாள் தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு மேலாக அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க எங்கம்மா போறீங்க? ரெண்டு வருஷமா ஒவ்வொரு தடவையும் பேரைக் கூப்பிட்டதும், 'வீட்டுக்காரர் பாஸாகட்டும், சேர்ந்தே எடுத்துக்கறோம்'னு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டு ஓடினது நீங்கதானே, அதான் அவர் வந்துட்டாரே, போய்ப் பக்கத்துல நின்னு நீங்களும் கையைத் தூக்குங்க."