ஃபோனிக்ஸ் பெட்டி தேர்ந்தெடுக்கும் அம்மையார்

சமைப்பதைவிடச் சமையல் குறிப்பு சேர்ப்பதில் அதிக ருசி காண்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில், ஆசிரியர் அறையில், தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இவரைக் காணலாம். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித்தர எந்த ஃபோனிக்ஸ் திட்டம் சிறந்தது என்று தேர்ந்தெடுப்பது இவர் வேலை. சொல்லித்தருவது அல்ல. தேர்ந்தெடுப்பது.

எங்கள் ஹார்ல்டன் ஆரம்பப் பள்ளியில் இந்தப் பிறவிக்கு ராசலிண்ட் பிக்கர்ஸ்கில் என்று பெயர். வாசிப்புக்குப் பொறுப்பான ஆசிரியை. நான் அந்தப் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக உட்கார்ந்திருப்பவள். கூட்டத்தில் நல்ல பிஸ்கட் வைப்பார்கள் என்பதால் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

எழுத்துக்கு ஒலி உண்டு, ஒலிகளைச் சேர்த்தால் சொல் வரும். ஃபோனிக்ஸ் என்பது இவ்வளவுதான். இதற்கு மேல் இதில் பரம ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒன்றை எடுத்து, அட்டைகளாக நறுக்கி, பாட்டுக் கட்டி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கை சைகை கண்டுபிடித்து, குட்டிக் குட்டிப் புத்தகங்களாகப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்து, மேலே ஒரு பிராணியின் படத்தை ஒட்டிவிட்டால் அது திட்டம். ஒரு திட்டத்தில் 'ஸ்' என்றால் மூக்கைப் பிடிக்க வேண்டும்; இன்னொன்றில் முழங்காலைத் தட்ட வேண்டும். இரண்டையும் படித்த பிள்ளை 'ஸ்' வரும்போது எதைப் பிடிக்கும்? பக்கத்துப் பிள்ளையின் காதைத்தான் பிடிக்கும்.

ராசலிண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் ஜுரம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு சோதனை வைப்பார்கள். தாளில் உள்ள சொற்களில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. அர்த்தமில்லாதவற்றின் பக்கத்தில் ஒரு குட்டி அரக்கன் படம் போட்டிருக்கும். அரக்கன் இருந்தால் யோசிக்காதே, கூட்டி வாசி என்று பொருள். போன வருஷம் இந்தச் சோதனையில் அடுத்த ஊர்ப் பள்ளி எங்களைவிட ஒரு மயிரிழை மேலே போய்விட்டது. அவ்வளவுதான். செப்டம்பர் பிறந்ததும் ராசலிண்டின் கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது.

முதலில் மாதிரிப் பெட்டிகள் வந்தன. பிறகு அந்த மாதிரிப் பெட்டிகளை ஒப்பிட ஓர் அட்டவணை வந்தது. அட்டவணையை லேமினேட் செய்தார்கள். இந்த நாட்டு ஆசிரியர்களுக்கு லேமினேட் செய்யாத காகிதம் பிறந்த குழந்தைக்குச் சட்டை போடாத மாதிரி. பிறகு விற்பனைக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொம்மை. பிறகு, திட்டத்தை ஏற்கெனவே வாங்கியிருக்கும் பள்ளிகளுக்கு விஜயம். போன இடத்தில் அவர்களுடைய கெட்டிக்கார வகுப்பைத்தானே காட்டுவார்கள்? நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் கிழிந்த தலையணையையா எடுத்துக் காட்டுகிறோம்? ராசலிண்ட் ஒவ்வொரு விஜயத்திலிருந்தும் திருப்பதி போய்வந்த முகத்தோடு திரும்பினார்.

"அங்க பிள்ளைங்க வாசிக்கிறதைப் பார்க்கணுமே! கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு."

கூட்டத்துக்குக் கூட்டம் இவர் சொல்லும் வாக்கியங்களை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். 'ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா' என்று ஆரம்பிப்பார். எந்த ஆராய்ச்சி என்று நாம் கேட்பதற்குள் தேநீர் வந்துவிடும். 'நாளைக்கே கல்வித்துறை ஆய்வாளர்கள் வந்து நின்னா?' என்பார், உடனே அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த சொல் விசுவாசம். திட்டத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமாம். ஒரு திட்டம் படிக்கிற பிள்ளை இன்னொரு திட்டத்தின் புத்தகத்தைத் தொடக் கூடாதாம்.

ஜனவரியில் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இதுவரை பள்ளியில் இருந்தது முள்ளெலித் திட்டம். இனி நீர்நாய்த் திட்டம். தலைமையாசிரியர் டெஸ்மண்ட், கடைசியாக யார் பேசினாலும் அவர் பக்கம் சாய்கிற தங்கமான மனிதர், கைதட்டினார்.

"புதுசு வருதுன்னா பழசு ஒரு பக்கம்கூட இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாது டெஸ்மண்ட். அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க" என்றார் ராசலிண்ட்.

"ரொம்பச் சரி."

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மோரீன் கையைத் தூக்கினார். "புதுப் புத்தகம் எப்ப வருது?"

"வந்துடும்."

"அதான், எப்ப?"

"மோரீன், உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

டெஸ்மண்ட் அதற்கும் தலையாட்டினார்.

இப்போது மேபலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோரீனின் வகுப்பில் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை. அப்பா பெயர் காரெட்; ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது அவரைச் சுற்றி எப்போதும் இஞ்சி பிஸ்கட் மணக்கும். மேபலுக்கு எழுத்துகள் ஒட்டவே இல்லை. வாசிப்பு நேரம் வந்தால் நடைபாதையில் கோட்டுகள் மாட்டும் இடத்துக்குப் போய், தொங்கும் கோட்டுகளுக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். காரெட் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். தானும் இப்படித்தான் இருந்ததாகவும், கடைசிவரை தனக்கு அது வரவே இல்லை என்றும் ஒரே ஒரு தடவை மோரீனிடம் சொல்லியிருக்கிறார். மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது தவிர அந்த மனிதருக்கு வேறு கவலை இல்லை.

பிப்ரவரியில், எப்படி என்று தெரியாது, மேபலுக்கு வந்துவிட்டது. முள்ளெலி ஒன்று மழைக்கால பூட்ஸுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும் கதை. வீட்டில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, பாதிப் புத்தகத்தைத் தானே வாசித்துவிட்டாள். மீதி நாளைக்கு என்று பையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு வார அரைப்பருவ விடுமுறைக்கு முந்திய நாள். விசுவாசத்தை நிலைநாட்டும் பொருட்டு, ராசலிண்ட் வகுப்பு வகுப்பாகப் போய் எல்லாப் பிள்ளைகளின் பைகளிலிருந்தும் முள்ளெலிப் புத்தகங்களைச் சேகரித்தார். மாலையில் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் லாரி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனது.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் நானும் நின்றிருந்தேன். காரெட் நேராக ராசலிண்டிடம் வந்தார்.

"மேடம், இவ புத்தகம் எங்கங்க? பையிலேர்ந்து எடுத்துட்டீங்களாமே. வாரம் பூரா வீட்ல ஒரே அழுகை."

"எடுக்கலை காரெட், திரும்பப் பெற்றுக்கிட்டோம். நாங்க இப்ப ஒரு மாற்றத்துல இருக்கோம்."

"நீங்க மாற்றத்துல இருங்க, வேணாங்கலை. முள்ளெலி பூட்ஸுக்குள்ள இருக்கே, அதுக்கு என்ன பதில்?"

ராசலிண்ட் கெட்டவர் இல்லை. குழந்தைகள் என்றால் உயிர். கைப்பையிலிருந்து ஒரு நீர்நாய்ப் பொம்மையை எடுத்து விரல்களில் மாட்டி, மேபலின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "யாரு வந்திருக்கா பாரு! இதுதான் ஓட்டோ!"

மேபல் ஓட்டோவைப் பார்த்தாள். "இது முள்ளெலி இல்லையே."

"சரி கண்ணு, அழாதே, நானே கதையைச் சொல்லிடறேன். கடைசியில அந்த முள்ளெலி..."

"சொல்லாதீங்க!" குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தியது. "நான்தான் படிக்கணும்! பாதி நானே படிச்சேன்! மீதியும் நான்தான் படிக்கணும்!"

வாசலில் இருந்த அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ராசலிண்ட் ஓட்டோவைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலைந்து மாதம் ஒரு பள்ளிக்கூடமே எதற்காகப் பெட்டி தேடியதோ, அது இதோ இந்தக் குழந்தையிடம் வந்துவிட்டிருந்தது. அதைத்தான் பையிலிருந்து எடுத்து லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

நீர்நாய்ப் புத்தகம் வந்ததா? வரவில்லை. பொம்மை வந்தது, பயிற்சி வீடியோ வந்தது, வாசலில் கட்ட ஒரு பெரிய பதாகை வந்தது. திட்டத்துக்கு அமோக வரவேற்பாம், ஆகவே புத்தகங்கள் தீர்ந்து மறுபடியும் அச்சில் இருக்கின்றனவாம், பொறுத்தருள வேண்டுமாம். ஈஸ்டர் வந்தது, போனது. பிள்ளைகள் தினமும் முழங்காலைத் தட்டினார்கள், காற்றில் கையை வீசினார்கள், வாசிக்கத்தான் ஒன்றுமில்லை. மேபல் பழையபடி கோட்டுகளுக்கு அடியில் போய்விட்டாள்.

ஒருநாள் மோரீன் அவளைத் தேடிக்கொண்டு போனார்.

"என்ன பண்றே கண்ணு உள்ள?"

"ஒளிஞ்சிருக்கேன்."

"எனக்கும் கொஞ்சம் இடம் தரியா?"

"உங்க கால் நீளம் மிஸ்."

"மடக்கிக்கறேன்."

மடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஈரக் கோட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக் கோட்டுகளின் உள்பக்கம் பிள்ளையின் பெயரை ஒரு துண்டு நாடாவில் எழுதித் தைத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. மேபலின் மூக்குக்கு நேரே ஒரு பெயர் தொங்கியது. அவள் அதை வெறித்துப் பார்த்தாள். மெதுவாகக் கூட்டினாள்.

"மிஸ்... இது ஹ்யூகோவோட கொக்கியில இருக்கு. ஆனா இது ஹ்யூகோ கோட்டு இல்லை!"

"அடப்பாவி! அப்ப யாரோடது?"

"டாஃப்னியோடது! அவன் அவ கோட்டைப் போட்டுட்டுப் போறான்!"

துப்பறியும் ருசி கண்டுவிட்டாள். அன்றைக்கே எல்லாக் கோட்டையும் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது மதியச் சாப்பாட்டு அறிவிப்பு. அடுத்தது, காரெட் வீட்டுக்குக் கொண்டுவரும் பிஸ்கட் உறைகள். உறையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மகள் வாசிக்க, தான் தினமும் பொதி கட்டும் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்பதை அப்பா முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார். அதை எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ராசலிண்ட் விடுவாரா? கோட்டுகளுக்குக் கீழே குனிந்து பார்த்து, "மோரீன், இதெல்லாம் திட்டத்துல இல்லையே!" என்றார்.

"திட்டமே இன்னும் வரலையே ராசலிண்ட்" என்றார் மோரீன், கோட்டுக்கு உள்ளேயிருந்து.

ஜூன் சோதனையில் மேபல் அரக்கர்களை எல்லாம் ஊதித் தள்ளினாள். புத்தகப் பெட்டிகள் அதற்கு முந்திய வாரம்தான் வந்து சேர்ந்தன. ஒட்டிய நாடாகூடப் பிரிக்காமல் கூடத்தில் அடுக்கிக் கிடந்தன. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ராசலிண்ட் எழுந்து நின்று, வண்ண வண்ண வரைபடம் காட்டி, "இது நீர்நாயோட வெற்றி" என்றார். அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லையே என்று நான் கேட்டேன். "அதான் பாருங்க, பிரிக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு பலன்!" என்றார். டெஸ்மண்ட் கைதட்டினார்.

பிறகு அடுத்த ஊர்ப் பள்ளியிலிருந்து, ஆமாம், போன வருஷம் எங்களை ஜெயித்த அதே பள்ளியிலிருந்து, ஓர் ஆசிரியை பார்வையிட வந்தார். இந்த வருஷம் அவர்கள் எங்களுக்கு ஒரு மயிரிழை கீழே. நடைபாதையில் மேபல் சுவரில் இருந்த தீ விபத்து எச்சரிக்கையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அடடா! எந்தத் திட்டம்?" என்றார் வந்தவர், பேனாவைத் திறந்துகொண்டு.

"நீர்நாய். அது இருக்கட்டும்" என்று அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார் ராசலிண்ட். "உங்ககிட்ட ஏதோ ஆந்தைத் திட்டம் இருக்காமே? நல்லா இருக்கா? புத்தகம் உடனே கிடைக்குமா?"

அந்தப் பளபளப்பு கண்ணில் திரும்ப வந்திருந்தது. அந்த அம்மாளுக்கும் அதே பளபளப்பு. இருவரும் ஒருவர் திட்டத்தை ஒருவர் குறித்துக்கொண்டார்கள். மேபல் எச்சரிக்கையை முழுதும் வாசித்து முடித்துவிட்டு யாராவது ஏதாவது சொல்வார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருமே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் துணி காய்கிற நடைப்பயிற்சி இயந்திரத்தைப் பற்றியோ, முதல் பாடத்தோடு நின்றுபோன இந்திப் புத்தகத்தைப் பற்றியோ நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அது உங்கள் சொந்த விஷயம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். முள்ளெலி, நீர்நாய், ஆந்தை என்று நான் சொல்லிக்கொண்டு வரும்போது, இதில் எது நம் பிள்ளைக்கு ஒத்துவரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியதா இல்லையா? கை மெல்லக் கைபேசிப் பக்கம் போனதா இல்லையா? போயிருந்தால் தவறில்லை, தாராளமாகத் தேடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த அறைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளை எதையோ உரக்க வாசித்துவிட்டு, நீங்கள் கேட்டீர்களா என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.