ராயப்பராஜ் வீட்டுப் பீரங்கி

மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோவில் வந்து இறங்கியாகிவிட்டது. பீரங்கி இன்னும் ஹாலின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கருமத்தை நகட்டுங்கன்னு காலையிலேருந்து கத்துறேன். கேட்டீகளா?" என்று சகாயராணி பல்லைக் கடித்தாள்.

அவள் புருஷன் ராயப்பராஜ் மட்டும் என்ன செய்வார், பாவம்! நாகல் நகரில் நைனா முகமதுவின் பழைய சாமான் கடையில் அதைக் கண்டதுமே மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நாலு ஆள் தூக்கி வந்து வைத்த வெண்கலச் சனியனை ஒற்றை ஆளாய் நகர்த்த முடியுமா? அவசரத்துக்கு ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

தூத்துக்குடியிலிருந்து மகன் டோனிக்குப் பெண் பார்க்க வந்த ஸ்டீபன்ராஜ், ஏதோ ஸ்டூல் என்று நினைத்து நேராகப் போய் அதன்மேலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து போர்வையை உருவினார்.

"என்னது இது?"

கடையில் வாங்கியது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் எத்தனையோ வரன் தட்டிப்போய், மகள் ஏஞ்சலினுக்கு இப்போதுதான் ஒன்று கூடி வந்திருக்கிறது. குப்பை பொறுக்குகிற குடும்பம் என்று நினைத்துவிட்டால்?

"எங்க கொள்ளுத்தாத்தா சொத்து. நம்ம ஊரு மலைக்கோட்டைச் சண்டையில வெள்ளைக்காரன்கிட்ட புடுங்குனது" என்று ராயப்பராஜ் அளந்துவிட்டார்.

ஸ்டீபன்ராஜ் குனிந்து பார்த்தார். "சண்டைப் பீரங்கின்னா சக்கரம் இருக்கும். இது கட்டையில உக்காந்திருக்கு. வாயில நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பியப் பாருங்க, நுனியில வளையம். அதுல கயிறக் கட்டி, கரையிலேருந்து முங்கப்போற கப்பலப் பாத்துச் சுடுவாங்க. கயிறப் புடிச்சு ஆளுக கரையேறிருவாங்க."

ராயப்பராஜ் விடவில்லை. "அதத்தான் சொல்ல வந்தேன். கொள்ளுத்தாத்தா கப்பல் கேப்டன்."

"மலைக்கோட்டையிலயா கப்பல் விட்டாரு?"

"இல்ல... சண்டை முடிஞ்சு கடலுக்குப் போயிட்டாரு."

"எந்தக் கடலு?"

"வேளாங்கண்ணி." அவர் ஆயுசில் பார்த்த கடல் அது ஒன்றுதான்.

"வேளாங்கண்ணியில ஏதுங்க துறைமுகம்?"

கதவிடுக்கில் ஏஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. சகாயராணியால் அதைப் பார்க்க முடியவில்லை. "அண்ணே, மன்னிச்சிருங்க. நைனா முகமது கடையில வாங்குனது. இவுக வாய் சும்மா இருக்காது" என்று போட்டு உடைத்தாள்.

ஸ்டீபன்ராஜ் விறைப்பாக எழுந்தார். "பொய் பேசுற குடும்பத்துல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம். எந்திரி டோனி, போவோம்."

அதுவரை கேசரியைத் தின்றுகொண்டிருந்த அவர் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு பீரங்கியின் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"நீங்க பொண்ணக் கூப்பிடுங்க, சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "இந்தா, நான் தேங்கா ஒடச்ச தழும்பு. போன வருசம் நீங்க எடைக்குப் போட்ட அதே பீரங்கிதான். உங்க அப்பாவும் இதக் காட்டி, 'எங்க பாட்டன் கப்பல் கேப்டன்'னு இதே பொய்யச் சொல்லித்தான என்னயப் பொண்ணு கேட்டாரு?"