கொழுப்பைக் கரைத்த கீரை

மாதா கோயிலில் நடக்கும் எங்கள் கல்யாண வெள்ளி விழாப் பூசைக்கு, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய என் மாப்பிள்ளைக் கோட்டைத்தான் போடப்போகிறேன் என்று பெயிண்ட் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போட்டுப் பார்த்தேன். பொத்தான் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம். நடுவில் நான்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மண்ணூர்பேட்டையில் சொந்த மொபெட் வைத்திருக்கும் இந்த ஜெயபால் நடந்து போவதா? நான் விஞ்ஞானத்தை நம்புகிறவன். மூக்கிரட்டைக் கீரையில் கொழுப்பைக் கரைக்கும் சத்து இருக்கலாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தது. 'இருக்கலாம்' என்பதை நான் கண்டுகொள்ளவில்லை.

மனைவி சகாயமேரிக்குப் பாடமே நடத்தினேன். விருந்துக்காகக் கொல்லையில் வளர்த்த ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்து எங்கள் கம்பெனியில் பெயிண்டில் கலக்கும் தின்னர் மாதிரி, சூடு பட்டால் ஆவியாகிவிடும் என்றேன். சொல்லும்போதே என்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்போ ஏரிக்கரையில மொளைக்கிற கீரைய மொபெட்ல எடுத்தாந்தா, வண்டி சூட்டுல எல்லாம் ஆவியாப் பூடுமே?" என்றாள்.

தின்னர் டப்பாவை மோட்டார் பக்கத்தில் வைத்தவனை நானே திட்டியிருக்கிறேன். அதனால் தலையை ஆட்டினேன்.

"நடந்து போய்ப் பறிச்சுக்கினு வாங்க. ஈரத்துணில சுத்தி."

அன்றிலிருந்து தினமும் விடியற்காலை அம்பத்தூர் ஏரிவரை போய் வந்தேன். யாராவது கேட்டால், வாக்கிங் இல்லை, மூலிகை ஆராய்ச்சி என்பேன். பை நிறையக் கீரை கொண்டுவந்து கொடுப்பேன். அவள் உள்ளே போய், சூடு காட்டாமல் ஊறவைத்த கஷாயம் என்று கொண்டுவருவாள். மூக்கைப் பிடிக்காமல் குடித்துவிடுவேன்.

விழா அன்று கோட்டில் எல்லாப் பொத்தானும் மாட்டின. கோயிலில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விருந்துப் பந்தியில், பக்கத்திலிருந்த கம்பெனி நண்பன் ராயப்பனிடம் தாவர ரசாயனத்தை விளக்கித் தள்ளினேன். அவனுக்கும் தொப்பை. கஷாயம் எப்படிப் போடுவது என்று, பிரியாணி வாளியோடு வந்த சகாயமேரியிடமே கேட்டான்.

"அது வெறும் சீரகத் தண்ணி, அண்ணாத்தே. இவரு எளைச்சது நடந்து நடந்து. கீரைய ஆடு துன்னுச்சு."

ராயப்பன் இலையிலிருந்த கறியைப் புரட்டிப் பார்த்தான்.

"அதான் பார்த்தேன் அண்ணி, ஆட்டுல இம்மாங் கொழுப்பு கீதேன்னு."