தீருமானம் அண்ணாச்சி சம்சாரத்தை நிறுத்திய கதை

திருந்துவது என்று முடிவெடுப்பதில் தீருமானம் அண்ணாச்சியை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. முடிவெடுத்த பிறகு திருந்தாமல் இருப்பதிலும் கிடையாது. நீங்களும் நானும் ஜனவரி ஒன்றாம் தேதி ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, பொங்கலுக்குள் கைவிட்டு, மிச்ச வருஷம் முழுவதும் குற்ற உணர்ச்சியோடு அலைகிறோம். அண்ணாச்சிக்கு அந்த உணர்ச்சி பழக்கமில்லை. அவருக்கு வருஷத்துக்கு மூன்று புத்தாண்டு.

திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று பெயர் கொண்ட கடைத்தெருவில் நோட்டுப் புத்தகம், டைரி, காலண்டர் மொத்த வியாபாரம் அவருக்கு. அவர் கடை மாடியில் ஓர் அறையில், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக நாலு வருஷம் குடியிருந்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே மூன்று காலண்டர்கள் வரிசையாகத் தொங்கும்: இங்கிலீஷ், தமிழ், மலையாளம். ஜனவரி ஒன்றில் எடுத்த தீர்மானம் மூன்றாம் தேதி கவிழ்ந்தால், "அது வெள்ளக்காரனுக்க புதுவருஷம் தம்பி, நம்ம ஒடம்புக்குப் பிடிக்காது" என்று சித்திரை ஒன்றுக்கு ஒத்திவைப்பார். சித்திரையும் கவிழ்ந்தால், "வருஷம் இருபத்தாறா கேரளத்துல சோறு திங்குதோம். சிங்ஙம் ஒண்ணுதானே இங்க நியாயமான வருஷப் பிறப்பு?" என்பார். சிங்ஙம் என்றால் நம் ஆவணி. அதுவும் கவிழ்ந்தால் பிரச்சினையில்லை. ஜனவரிக்கு இன்னும் நாலே மாதம்தான்.

தீர்மானத்துக்கு மலையாளத்தில் 'தீருமானம்'. சாலையில் சுமை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் அது. சரியான தமிழ் தீர்மானம்தானே என்று நான் முதலில் நினைத்தேன். அவரோடு ஒரு வருஷம் பழகிய பிறகு மலையாளமே பொருத்தம் என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் மனிதருக்குக் கொஞ்சம் மானம் தீரும்.

எடுத்த தீர்மானத்தை மனசுக்குள் வைத்துக்கொள்கிற கோழைத்தனமெல்லாம் அண்ணாச்சியிடம் இல்லை. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, கொட்டை எழுத்தில் எழுதி, கடை வாசலில் தொங்கவிடுவார். "நாலு பேரு பாத்தாத்தான் ஒறைக்கும், கேட்டோ." நாற்பது பேர் பார்ப்பார்கள். யாருக்கும் உறைத்ததில்லை, அவருக்கும் சேர்த்து.

ஒரு ஜனவரியில் மியூசியம் வளாகத்தில் காலை நடை என்று அட்டை தொங்கியது. புது ஷூ வாங்கினார். முதல் நாள் வாசலிலேயே தெரிந்த ஒருவரைப் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பேச்சு. அந்த மனிதரும் அன்றைக்கு நடக்கவில்லை. இரண்டாம் நாள் பெஞ்சில் அவரைச் சுற்றி ஐந்து பேர். மூன்றாம் நாளோடு அண்ணாச்சி நின்றுவிட்டார். அந்த ஐந்து பேரும் இன்றுவரை பெஞ்சில்தான் இருப்பதாகக் கேள்வி.

அடுத்து வந்த சித்திரையில் சர்க்கரையை ஒழித்தார். சர்க்கரை போடாத டீக்கு அந்த ஊரில் 'விதௌட்' என்று பெயர். எதிர்க் கடைக்குப் போய், தெரு முழுவதும் கேட்க, "ஒரு விதௌட்!" என்பார். டீ வந்ததும், பக்கத்தில் இருக்கும் சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி.

"அண்ணாச்சி, விதௌட்டில் பஞ்சாரையோ?" என்றார் டீ மாஸ்டர்.

"சாயாதான் விதௌட். நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று சொல்லிக்கொண்டே பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியை எடுத்தார் அண்ணாச்சி. "இதுல உள்ள மதுரம் தெய்வம் போட்டதாக்கும். அத வேண்டாம்னு சொல்லப்பிடாது."

டைரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்காமல் மிஞ்சுகிற டைரியில் ஒன்றை ஒவ்வொரு ஜனவரியும் எடுத்துக்கொள்வார். அப்படிப் பத்துப் பதினைந்து டைரிகள் அலமாரியில் உண்டு. எல்லாவற்றிலும் முதல் பக்கம் மட்டும் எழுதியிருக்கும்: 'இன்று முதல் தினமும் டைரி எழுதுவது.' மிச்சப் பக்கங்கள் அவர் மனசைப் போலவே வெள்ளை.

இப்படி வருஷத்துக்கு மூன்று முறை எனக்கு இலவசமாகச் சிரிப்பு வழங்கிய மனிதரிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்த ஆவணி பிறப்பதற்கு முந்தின நாள், புது அட்டையோடு உட்கார்ந்து, எதை விடலாம் என்று என்னிடமே யோசனை கேட்டார்.

"நடக்கிறது, எழுதுறது மாதிரி ஏதாவது செய்யணும்னு எடுக்கிற தீர்மானம் உங்களுக்கு ஒத்து வரல அண்ணாச்சி. சும்மா இருக்கிற தீர்மானமா எடுங்க. பேச்சை நிறுத்துங்க. சாலைக்கே புண்ணியமாப் போகும்."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "தம்பி, என்னால முடியாதுன்னு நெனைக்குதியோ?" என்றார். மறுநாள் காலை அட்டை தொங்கியது:

'சிங்ஙம் ஒண்ணு தொட்டு சம்சாரம் நிறுத்தி. இனி ஒருநாளும் வேண்டாம்.'

திருவனந்தபுரத்தில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு, 'நிறுத்தி' என்றால் நிறுத்தியாயிற்று. அண்ணாச்சிக்கு வாயில் வருவது பாதி மலையாளம், கையில் வருவது தமிழ் எழுத்து மட்டும்தான். பேசுவது போலவே எழுதுவார். சாலையில் அதை எல்லோரும் சரியாகவே படித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். சிரித்துவிட்டு, இரண்டு நாள் தாங்காது என்று டீ மாஸ்டரிடம் பந்தயமும் கட்டினேன்.

தாங்கியது. ஐந்தாம் நாள் தன் வாழ்நாள் சாதனையை முறியடித்தார். அதற்கு முன்னால் எந்தத் தீர்மானமும் நாலு நாளைத் தாண்டியதில்லை. கடைக்குள் மின்விசிறி சத்தம் போடும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓணத்துக்கு முந்தைய கூட்டத்திலும் விரலாலும் புருவத்தாலும் வியாபாரம் பண்ணினார். பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் களை.

பன்னிரண்டாம் நாள் வள்ளியூரிலிருந்து அவருடைய மச்சினர் வந்தார். அண்ணாச்சியின் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். அந்த மைனிக்கு மூத்த அண்ணன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கையில் அண்ணாச்சிக்காக ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. நான் மருந்துப் பையோடு மாடிப்படி இறங்கி வரும்போது அவர் கடை வாசலில் அட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"'நிறுத்தி'ன்னு வினையெச்சமால்லா இருக்கு? வினைமுற்று எங்க?" என்றார் முதலில். இலக்கணம் அறுபது வயசுக்கு மேலும் விடாது போலிருக்கிறது. பிறகு இன்னொரு தடவை படித்தார். முகம் மாறியது.

"மாப்ள, இது நீங்க எழுதுனதா?"

அண்ணாச்சி பெருமையோடு தலையை ஆட்டினார்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீயளா?"

இன்னும் வேகமாக ஆட்டினார்.

"எத்தன நாளைக்கு?"

இரண்டு கையையும் அகல விரித்தார், ஆயுளுக்கும் என்று.

"எந்தங்கச்சிக்கு இது தெரியுமா?"

தெரியும், அவளுக்கும் சந்தோஷம் என்று சொல்லும் விதமாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வாத்தியார் பெஞ்சில் வைத்த கருப்பட்டிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கரமனையில் இருந்த அண்ணாச்சி வீட்டை நோக்கி நடந்தார். கொண்டு வந்த கருப்பட்டியை ஏன் திரும்ப எடுத்துப் போகிறார் என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஆனால் ஒன்பதரைக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். போய்விட்டேன்.

டாக்டர் வழக்கம்போல மூன்றரை மணிக்குத்தான் உள்ளே விட்டார். காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா தன் குழந்தையிடம், "சம்சாரிக்காதே மோளே" என்று அதட்டினாள். பேசாதே என்று அர்த்தம். கேட்டதும் எனக்கு வாத்தியாரின் முகம் மாறியது ஞாபகம் வந்தது. அந்த அட்டையை வள்ளியூர்க் கண்ணாடி போட்டுக்கொண்டு மனசுக்குள் படித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. 'சம்சாரம் நிறுத்தி. இனி ஒருநாளும் வேண்டாம்.'

ஐந்து மணிக்குக் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி பெருமையாகப் போனை நீட்டினார். மைனி மதியம் அனுப்பியிருந்த செய்தி: 'அண்ணன்கூட வள்ளியூர் போறேன்.' கீழே அண்ணாச்சியின் பதில்: உயர்த்திய கட்டைவிரல்.

நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அந்தக் கட்டைவிரலை ஒருமுறை பார்த்தார். அப்படியே டைரிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போன் போட்டுப் பேசுங்க அண்ணாச்சி!"

மாட்டேன் என்று தலையாட்டினார். துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்: 'ஆயுசுல ஒண்ணாவது முழுசாச் செய்யணும் தம்பி. இதையும் விட்டா எனக்கு மானம் மிச்சமில்ல.'

அந்தத் தாளைப் படித்தபோது என் கிண்டல் எனக்கே கசந்தது. வருஷக்கணக்காக நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பு அந்த மனிதருக்கு உறைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அவரை ஊமையாக்கி, மைனியை ஊருக்கு அனுப்பியது என் வாய். நிறுத்தியிருக்க வேண்டியது என் சம்சாரத்தை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான் சொல்வது மலையாளச் சம்சாரம்.

மைனிக்கு அவர் நீளநீளமாகச் செய்தி அனுப்பினார். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நான் வாத்தியாருக்குப் போன் செய்தேன். "திருவனந்தபுரத்துலேர்ந்து" என்றதும் வைத்துவிட்டார். ஐந்து நாள் அண்ணாச்சி விதௌட்டுக்கு உண்மையாகவே சர்க்கரை போடாமல் குடித்தார். டீ மாஸ்டர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "இனி ஒரு ரக்ஷையுமில்ல சாரே, வேற வழியில்ல, வள்ளியூருக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஆறாம் நாள் நாங்கள் வள்ளியூருக்கு ரயிலேறினோம். வழி முழுக்க அவர் ஒரு முழு வெள்ளைத்தாளில் விளக்கம் எழுதினார். வாசலில் வாத்தியார் அதை வாங்கி, பிழை திருத்துகிற பழக்கத்தில் சட்டைப்பையைப் பேனாவுக்குத் தடவியபடியே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும், "அட, பேச்சா! அடப் பாவமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "ஏளா, இங்க வா! சம்சாரம்னா அங்க பேச்சாம்ளா! நீ நெனச்ச மாதிரி இல்ல!"

மைனி வந்து நிலைப்படியில் நின்றார். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் ஒண்ணும் நெனைக்கல. இருபத்தாறு வருஷம் சாலையில மீன் வாங்கியிருக்கேன், சம்சாரம்னா என்னன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஒனக்குத்தான் தெரியல. எனக்குத் தெரிஞ்சதுனாலதான் கெளம்பி வந்தேன்."

வாத்தியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் வாயைத் திறக்க முடியாதே.

"கடையில பேசாம இருக்கட்டும், அது சாலைக்காரங்களுக்கு நல்லது. வீட்லயும்லா உம்முனு இருக்காரு? நாங்க ரெண்டே பேரு. இவரு பேச்சு இல்லன்னா அங்க வேற என்ன சத்தம் இருக்கு? சாள மீன் கொழம்புல வேணும்னே ரெண்டு பங்கு புளி போட்டேன். ஒரு கத்து கத்துவாரு, வாயி தொறந்துரும்னு பாத்தேன். மொத்தத்தையும் தின்னுட்டு, பெருவிரலத் தூக்கிக் காட்டுதாரு. அப்பத்தான் பயம் வந்துது."

அண்ணாச்சி சட்டைப்பையில் துண்டுத்தாளைத் தேடினார். தாள் இருந்தது, பேனா இல்லை. ரயிலிலேயே விட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், மச்சினரைப் பார்த்தார். என் பேனா மருந்துப் பையோடு திருவனந்தபுரத்தில் இருந்தது, வாத்தியாரிடமும் பேனா இல்லை. பிறகு மைனியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பதினெட்டு நாள் பூட்டிக் கிடந்த தொண்டை.

"நாலு நாளு பல்லு கூசிச்சுட்டி" என்றார்.

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, எனக்கே கண் சரியாகத் தெரியவில்லை. கருப்பட்டிக் காப்பி வந்தது. அண்ணாச்சி புளியில் தொடங்கினார், தென்காசிப் புளி, குமரிப் புளி, குடம்புளி என்று போனார். வாத்தியார் வீட்டில் ஆரம்பித்த பேச்சு நாகர்கோவிலில் நிற்கவில்லை, பாறசாலையில் நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில் நாங்கள் இறங்கியபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர் என்றாலும் எங்களோடு இறங்கிவிட்டார். மைனி மட்டும் ஜன்னலோரத்தில் வழி நெடுக நிம்மதியாகத் தூங்கி வந்தார்.

அட்டை மறுநாளே இறங்கியது. வேறோர் அட்டையில் ஜனவரிக்கான தீர்மானம் ஏறியது.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஜனவரி ஒன்று, சித்திரை ஒன்று, ஆவணி ஒன்று மூன்று நாளும் விடிந்ததும் அண்ணாச்சியிடமிருந்து போனில் குரல்பதிவு வரும். போன தடவை பதினேழு நிமிஷம். இனி எதையும் சுருக்கமாகச் சொல்வது என்று தீர்மானித்திருக்கிறாராம். பின்னணியில், "அவரு வேலையா இருப்பாரு, வைங்க" என்று மைனி குரல் கேட்கும்.

எனக்கும் ஒரே ஒரு தீர்மானம் உண்டு, மூன்று புத்தாண்டுக்கும் சேர்த்து: அந்தக் குரல்பதிவை நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை கேட்பது. இதுவரை மீறியதில்லை.