பவளத்துக்கு ஒரு காய்ச்சல் தேவை

பவளத்துக்கு இதுவரை எந்த நோயும் வந்ததில்லை என்பதுதான் இருசப்பனுக்கு இப்போது வந்திருக்கும் பெரிய தலைவலி.

மெடிக்கல் காலேஜ் விண்ணப்பத்தில் மொத்தம் பதினாறு கட்டங்கள். பதினைந்தை மகள் பவளம் முத்து முத்தான எழுத்தில் நிரப்பிவிட்டாள். பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள், முடிந்திருந்தது. பி.யூ.சி.யில் பௌதிகம், ரசாயனம், இயற்கை விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும் என்றார்கள். மெட்ராஸில் அரசாங்க விடுதியில் தங்கி, அந்த விடுதியின் சாம்பாரையும் பொறுத்துக்கொண்டு, மூன்றையும் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தாள். நன்னடத்தைக்கு ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி 'மாசு மறுவற்றவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசைப்படுத்தவும் ஒரு கட்டம் இருந்தது. எம்.பி.பி.எஸ்., பி.பார்ம்., பி.எஸ்ஸி. நர்ஸிங் என்று மூன்று. பவளம் எம்.பி.பி.எஸ்ஸுக்கு நேராக ஒன்று என்று போட்டாள். மற்ற இரண்டுக்கும் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

வம்பு பதினாறாவது கட்டத்தில் இருந்தது. 'மனுதாரரைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாக அறிந்த டாக்டர் ஒருவர், அவர் தேக ஆரோக்கியம் உடையவர் எனத் தரும் சான்று.' மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது. வீட்டுக்கு ஒரு பால்காரர், ஒரு சலவைக்காரர் இருப்பதுபோல ஒரு டாக்டரும் இருப்பார் என்பது அவருடைய நினைப்பு. ஆலங்கரணை அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற இருசப்பன் குடும்பத்தின் குடும்ப டாக்டர் யாரென்று அவரிடமே கேட்டால் தேவலை.

"விடுதியில டாக்டரம்மா கீறாங்களே, அவங்க போட மாட்டாங்களா?" என்று கேட்டாள் செங்கேணி, பவளத்தின் தாய்.

"அவங்க என்னைப் பத்து மாசமாத்தான் பாக்குறாங்க. அஞ்சு வருசம்னு போட்டுக்கீதே" என்றாள் பவளம்.

"உத்திரமேரூர் டாக்டருங்க?"

"அவங்க பாத்ததே இல்ல."

ஆக மிஞ்சியவர் ஆலங்கரணையின் ஒரே டாக்டரான பஞ்சாட்சரம். புதன்கிழமை மெட்ராஸில் நேர்முகத் தேர்வு. பூர்த்தியாகாத விண்ணப்பத்தோடு வருகிறவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு வியாழன்.

இருசப்பன் மாற்று வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினான்.

டாக்டர் பஞ்சாட்சரம் ஊருக்கு வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். உண்மையில் இளம் வயதுதான். ஆனால் மீசையும் தங்க பிரேம் கண்ணாடியும் கூட்டணி சேர்ந்து பத்து வயதைக் கூட்டிக் காட்டின. எந்த நோய்க்கும் சிவப்பு மிக்ஸ்சர் தருவார். அதில் குணமாகாவிட்டால் இன்னும் கொஞ்சம் சிவப்பாகத் தருவார். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அவர் விண்ணப்பத்தை வாங்கி, முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்து, தன் வீட்டுப் பத்திரத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தார்.

"ரசாயனத்துல எத்தனை மார்க்கு?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டுங்க" என்றான் இருசப்பன் பெருமையாக.

டாக்டரின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல ஆனது. கூலிக்காரன் மகளுக்கு நூற்று நாற்பத்திரண்டா என்று பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று இருசப்பன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அது பழக்கப்பட்ட முகம்தான்.

"உன் பொண்ணை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே, இருசப்பா."

"அதுக்கு நோவு நொடின்னு எதுவும் வந்ததில்லீங்க."

"அப்புறம் அஞ்சு வருஷமாத் தெரியும்னு எப்படி எழுதுறது? நோயாளியா வந்திருந்தாத்தானே எனக்குத் தெரியும்?"

"நோயாளியா வந்திருந்தா, ஆரோக்கியமாக் கீதுன்னு எப்படிங்க எழுதுவீங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் டாக்டர், ரொம்பவும் வருத்தப்படுகிறவர்போல. "ஏதாவது ஒரு காய்ச்சலாவது வந்திருந்தா யாரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டு வா. பார்க்கலாம்."

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா என்று ஒரு தகப்பன் ஆசையோடு தேடிக்கொண்டு போன கதை ஆலங்கரணையில் அதற்கு முன் நடந்ததில்லை. மளிகைக் கடை காதர் பாய்தான் கை கொடுத்தார்.

"இன்னாப்பா இருசப்பா, மறந்துட்டியா? அஞ்சு வருசம் முன்னால பவளத்துக்குக் காய்ச்சல்னு நீதானே சுக்கும் திப்பிலியும் வாங்கிக்கினு போன! நான் வந்து சொல்றேன் வா."

காதர் பாய் நல்ல மனிதர். ஒரு உதவி என்று இறங்கினால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மறுநாள் டாக்டர் முன்னால் நின்று, இரண்டு நாள் காய்ச்சலை இருபத்தோரு நாளாக்கினார். பெண் பிதற்றினாள் என்றார். கண் மேலே செருகிவிட்டது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கபர்ஸ்தான் வரை போயிருப்பார்.

"இருபத்தோரு நாளா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "டைபாய்டு. இதயத்தை அரிச்சிருக்கும். இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு எம்.பி.பி.எஸ். படிக்க முடியுமா? தேக ஆரோக்கியம்னு நான் எப்படிப் பொய் எழுதறது?"

இருசப்பன் குறுக்கே பாய்ந்தான். "ஐயையோ, அது நெசக் காய்ச்சலே இல்லீங்க! காவாந்தண்டலத்துல அவ மாமன் வூட்டுத் திருவிழாவுக்குப் போவ, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக்கினு பொய்யாப் படுத்துக்கினா."

"அப்படியா?" டாக்டர் விண்ணப்பத்தைத் திருப்பி நன்னடத்தைக் கட்டத்தில் விரல் வைத்தார். "மாசு மறுவற்றவள்னு எழுதியிருக்காரே ஹெட்மாஸ்டர்? அவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியாகணும்."

சொல்லவும் சொன்னார். சாயங்காலமே ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி குடையோடு இருசப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"என் பள்ளிக்கூடத்துல பொய்க் காய்ச்சலா? நான் கையெழுத்தை வாபஸ் வாங்கணும். எடு அந்தக் காகிதத்தை."

பதினாறில் ஒன்று இல்லாமல் இருந்த விண்ணப்பம், பதினாறில் இரண்டு இல்லாமல் போகும் நிலைக்கு வந்தது. இருசப்பன் யோசிக்க நேரமில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"சார், சார், காய்ச்சல் அதுக்கு இல்ல சார், எனக்கு! சுக்கு எனக்குத்தான் வாங்கினேன். பாய் மறந்துபூட்டாரு."

ஹெட்மாஸ்டர் சமாதானமாகிக் குடையை விரித்துக்கொண்டு போனார். போகிற வழியில், மனிதர் நல்லெண்ணத்தோடு, அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் இருசப்பன் போய் நின்றபோது டாக்டரின் விரல் பன்னிரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்திருந்தது.

"பெற்றோருக்குக் கடும் நோய் உண்டான்னு கேட்டிருக்கான். உன் பொண்ணு இல்லைன்னு எழுதியிருக்கா. உனக்கு இருபத்தோரு நாள் டைபாய்டு. இதுக்கு என்ன சொல்றே?"

அஞ்சு வருஷமாக ஒரு தும்மல்கூடப் போடாத குடும்பத்தில் இப்போது ஆளாளுக்கு நோய்.

டாக்டர் இரக்கப்பட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"இத பாரு இருசப்பா, உன் நன்மைக்குச் சொல்றேன். எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம். பொணத்தை அறுக்கணும். வயசுப் பொண்ணு பயந்துடும். அந்த ஒண்ணை அடிச்சுட்டு நர்ஸிங்குக்கு நேரா ஒண்ணுன்னு போடச் சொல்லு. இல்லேன்னா பி.பார்ம். போடு, மருந்து கலக்குற படிப்பு, சமையல் மாதிரிதான். அதை மாத்திட்டு வா, பதினாறாவது கட்டத்தை நான் பார்த்துக்கறேன்."

"நர்ஸுக்குப் படிக்க தேக ஆரோக்கியம் வாணாங்களா?"

"அதுக்கு வேற இதயம் போதும்" என்றார் டாக்டர். மருத்துவம் இவ்வளவு வளர்ந்திருப்பது இருசப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். பவளம் தட்டில் இருந்த சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"நர்ஸு வேலை ஒசத்திதான் நைனா. விடுதியில கூடப் படிச்சவ ஒருத்தி ஆசையாத்தான் அதுக்குப் போறா. ஆனா நான் ஏன் டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பவளத்துக்கு முன்னால் பிறந்த பையனுக்கு நாலு வயதில் தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரில் டாக்டர் என்ற பேச்சே இல்லாத காலம். மாட்டு வண்டியில் உத்திரமேரூருக்குக் கொண்டுபோகையில் பாதி வழியில், செங்கேணியின் மடியிலேயே முடிந்துபோனான். ஒரு டாக்டர் இருந்திருந்தால் ஒரு ஊசியில் பிழைத்திருப்பான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லை இருசப்பன் பதினெட்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறான்.

"அடிக்க வாணாம்மா. அந்த ஒண்ணு அப்படியே இருக்கட்டும்" என்றான்.

"கையெழுத்து?" என்றாள் செங்கேணி.

"கால்ல வுழுந்தாவது வாங்கிக்கினு வரேன்."

திங்கட்கிழமை காலில் விழுவதற்கென்றே தலைக்குக் குளித்துவிட்டுப் போனான். டாக்டர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. 'டாக்டர் அவசர வேலையாக வெளியூர்' என்று ஒரு அட்டை. செவ்வாய்க்கிழமையும் அதே அட்டை, அதே பூட்டு. இருசப்பன் பூட்டின் காலில் விழ முடியாமல் திரும்பி வந்தான்.

"இன்னா நைனா, வாசல்லயே நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும். அங்க போய் நிப்போம். இங்க குந்திக்கினு இருந்தா மட்டும் சீட்டு வூட்டுக்கு வருமா?" என்றாள் பவளம்.

புதன்கிழமை விடிந்ததும் வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மெட்ராஸ் பஸ் மாறி, காலேஜ் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பெஞ்சுகள். சூட்டுப் போட்ட தகப்பன்மார்கள் பிள்ளைகளுக்கு எலும்பின் பெயர்களைக் கடைசி நிமிஷத்தில் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தின் கோடியில் காக்கிச் சட்டை பியூன் ஒருவர் ஒவ்வொரு விண்ணப்பமாக வாங்கிப் பதினாறு கட்டங்களையும் விரல் வைத்து எண்ணி, ஆளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏற்கெனவே இரண்டு பையன்களை 'அடுத்த வருசம் வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் இருசப்பன் பார்த்தான். மூன்றாவது பெஞ்சில், தூணை ஒட்டி, வெள்ளைவெளேர் சட்டையில், தங்க பிரேம் கண்ணாடியோடு, சாட்சாத் டாக்டர் பஞ்சாட்சரம்!

இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! நமக்குத் தெரியாமல் நமக்காக மெட்ராஸுக்கே புறப்பட்டு வந்து, காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாரே! அவன் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடினான்.

"டாக்டரய்யா! எங்க பவளத்துக்குக் கையெழுத்துப் போடவா இவ்வளோ தூரம் வந்தீங்க? நீங்க மனுசரே இல்லீங்க, தெய்வம்!"

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சூட்டுத் தகப்பன்மார்கள் எலும்புகளை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுந்திரு! எழுந்திருடா முதல்ல!" டாக்டர் காலை இழுத்து பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "டாக்டர் டாக்டர்னு இங்க கத்தாதே!"

"பாருங்க, தன்னடக்கத்தைப் பாருங்க!" என்று இருசப்பன் படுத்தபடியே தாழ்வாரத்துக்கு எடுத்துச் சொன்னான். "ஏழெட்டு வருசமா எங்க ஊரையே காப்பாத்திக்கினு கீறவரு. ஐயா, இதோ பதினாறாவது கட்டம். ஒரே ஒரு கையெழுத்துங்க."

பஞ்சாட்சரம் கூரையைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். பவளம் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடியில் இருந்த காகிதக் கட்டையும் பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பியூன் வந்துவிட்டார். "இன்னாய்யா இங்க பேஜாரு? யாரு கால்ல யாரு வுழறது? குடும்மா உன் ஃபாரத்தை." வாங்கி விரல் வைத்து எண்ணினார். பதினைந்தில் விரல் நின்றது.

"பதினாறு காலியாக் கீதே?"

"இப்ப ரொம்பிடுங்க!" இருசப்பன் எழுந்து கை கூப்பினான். "ஒரு பேனா மட்டும் குடுங்க. ஆலங்கரணைங்க நாங்க. எங்க ஊரு டாக்டரே இதோ கீறாரு."

"ஆலங்கரணையா?" பியூன் பேனாவை எடுக்காமல் விண்ணப்பத்தை மடித்துக் கட்டோடு சேர்த்துச் செருகினார். "அந்த ஊருக்குப் பதினாறு வாணாம்னு போன வருசமே ஆபீசுல சொல்ட்டாங்க, நீ தைரியமா உள்ள போம்மா, 'எங்க ஊர்ல டாக்டருன்னு ஒருத்தருமே கெடையாது, நான் யார்கிட்ட போய்க் கையெழுத்து வாங்குவேன்'னு போன வருசம் எழுதிக் குடுத்து அந்தச் சலுகையை வாங்கினதே, எம்.பி.பி.எஸ். சீட்டு கேட்டு ஏழாவது தபாவா வந்து குந்திக்கினு கீற இந்தப் பஞ்சாட்சரந்தானே!"